பல் முளைக்கும் வலி: தணிக்கும் வழிகளும் தவிர்க்க வேண்டியவையும்

சென்ற கோடையில் எட்டு மாதக் குழந்தை ஒன்றை அதன் தாயும் பாட்டியும் எங்கள் குழந்தைகள் நலப் பிரிவுக்குத் தூக்கி வந்தனர். மூன்று நாள்களாக வயிற்றுப்போக்கு. முந்தின மாலையிலிருந்து பால் குடிக்கவும் மறுத்துவிட்டது. கண்கள் குழி விழுந்திருந்தன, உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது, காலையிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை. ஏன் முன்பே வரவில்லை என்று கேட்டேன். "பல்லு மொளைக்குது டாக்டர், அதான் வயிறு போகுதுன்னு இருந்துட்டோம்" என்றார் பாட்டி.

கீழ் ஈற்றில் இரண்டு பற்களின் வெண்முனை தெரிந்தது உண்மைதான். ஆனால், குழந்தையை அந்நிலைக்குக் கொண்டுவந்தது பல் அன்று, குடல் தொற்று. சிரை வழியாகத் திரவம் செலுத்திய பின் குழந்தை தேறி வீடு திரும்பியது.

அந்தப் பாட்டியைக் குறை கூறுவதற்கில்லை. மருத்துவ உலகமே நெடுங்காலம் அவ்வாறுதான் நம்பியது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் இறப்புப் பதிவேடுகளில், பச்சிளம் குழந்தைகள் பலரின் இறப்புக்குக் காரணமாகப் 'பல் முளைத்தல்' என்றே எழுதினார்கள். பல் வலிக்கென விற்கப்பட்ட பொடிகளில் பாதரச உப்பைக் கலந்தார்கள். அதை உட்கொண்ட குழந்தைகளுக்குக் கை கால்கள் சிவந்து வீங்கி, ஓயாத வேதனை உண்டாயிற்று. 1950களில் அப்பொடிகளிலிருந்து பாதரசம் நீக்கப்பட்ட பின்னரே அந்நோய் மறையத் தொடங்கியது. பல் செய்த தீங்கைவிட, பல்லுக்கென்று செய்த மருத்துவம் விளைத்த தீங்கே பெரிது.

பல் முளைக்கும்போது நிகழ்வது என்ன?

பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறாவது மாத அளவில் முதல் பல் முளைக்கிறது. நான்காவது மாதத்தில் முளைப்பதும், ஓராண்டு வரை தாமதிப்பதும் இயல்பே. வழக்கமாகக் கீழ்த்தாடையின் நடுப் பற்கள் இரண்டும் முதலில் வரும். இரண்டரை முதல் மூன்று வயதுக்குள் பால்பற்கள் இருபதும் முளைத்துவிடும்.

ஒவ்வொரு பல்லும் ஈற்றைத் துளைத்து வெளிவருவதற்கு ஏறக்குறைய நான்கு நாள்களுக்கு முன்னர் தொந்தரவு தொடங்கி, வெளிவந்த மூன்று நாள்களில் தணியும். அதாவது, ஒரு பல்லுக்கு ஒரு வாரம். எச்சில் வடிதல், கிடைத்ததைக் கடித்தல், ஈறு சிவந்து தடித்தல், சிணுங்கல், உறக்கம் கலைதல், திட உணவில் நாட்டக் குறைவு ஆகியவை இக்காலத்தில் காணப்படும். உடல் சற்றே வெதுவெதுப்பாகலாம், ஆனால் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும் காய்ச்சலைப் பல் உண்டாக்காது. வயிற்றுப்போக்கையும் வலிப்பையும் உண்டாக்காது.

அப்படியானால், பல் முளைக்கும் பருவத்தில் இவை அடிக்கடி வருவது ஏன்? தாயிடமிருந்து கருவிலேயே பெற்ற நோய் எதிர்ப்புப் பொருள்கள் ஆறாவது மாத அளவில் குறைந்துவிடுகின்றன. அதே மாதங்களில்தான் குழந்தை தவழ்ந்து, கையில் அகப்படுவதையெல்லாம் வாயில் வைக்கிறது; இணை உணவும் தொடங்குகிறது. எனவே கிருமித் தொற்றும் பல்லும் ஒரே காலத்தில் வந்து சேர்கின்றன. உடன் வருவதாலேயே ஒன்று மற்றதன் காரணமாகிவிடாது.

வலியைத் தணிக்கும் வழிகள்

1. கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, நகம் வெட்டிய விரலால் ஈற்றை ஓரிரு நிமிடங்கள் மெல்ல அழுத்தித் தடவுங்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு இதுவே போதும்.

2. தூய பருத்தித் துணியைக் கொதித்து ஆறிய நீரில் நனைத்துப் பிழிந்து, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் சிறிது நேரம் வைத்துக் கடிக்கக் கொடுங்கள். அருகிலேயே இருங்கள்.

3. கடிப்பதற்கான ரப்பர் வளையம் வாங்கினால், உள்ளே நீர்மம் நிரப்பாத, ஒரே துண்டாக அமைந்ததை வாங்குங்கள். அதைக் குளிர வைக்கலாம். உறைய வைக்கக் கூடாது. பனிக்கட்டிபோல் உறைந்த பொருள் ஈற்றைப் புண்ணாக்கும். வளையத்தைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டாதீர்கள்.

4. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குக் குழைத்த தயிர்ச்சோறு, ஆறிய கேழ்வரகுக் கூழ் போன்ற மென்மையான உணவு இதமாக இருக்கும்.

5. வடியும் எச்சிலை அவ்வப்போது ஒற்றியெடுத்து, முகவாயிலும் கழுத்திலும் சிறிது தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் புண்ணாகாது.

இவற்றால் தணியாமல் குழந்தை உறங்க இயலாது தவித்தால், மருத்துவரைக் கேட்டுப் பாராசிட்டமால் கொடுக்கலாம். அளவை வயதைக் கொண்டன்று, எடையைக் கொண்டே கணிக்க வேண்டும்: ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. வேளைகளுக்கிடையே ஆறு மணி நேரம் இருக்கட்டும்.

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. கடைகளில் இம்மருந்து வெவ்வேறு செறிவுகளில் கிடைக்கிறது. சொட்டு மருந்தின் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப் ஒன்றில் ஐந்து மில்லிக்கு 125, மற்றொன்றில் ஐந்து மில்லிக்கு 250 மில்லிகிராம் இருக்கும். எட்டுக் கிலோ குழந்தைக்கு 120 மில்லிகிராம் தர வேண்டுமெனில், சொட்டு மருந்தில் அது 1.2 மில்லி, 125 சிரப்பில் ஏறக்குறைய ஐந்து மில்லி. சிரப்பின் அளவை நினைத்துச் சொட்டு மருந்தில் ஐந்து மில்லி கொடுத்தால், நான்கு மடங்குக்கு மேல் மருந்து உள்ளே போய்விடும், கல்லீரல் பாதிக்கப்படலாம். புட்டியின் மேலுள்ள எழுத்தைப் படித்து, அதனுடன் வரும் அளவுகுழலையே பயன்படுத்துங்கள். சமையலறைக் கரண்டி வேண்டாம். இரண்டு நாள்களுக்கு மேல் மருந்து தேவைப்பட்டால், காரணம் பல்தானா என்று மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

*மரத்துப்போகச் செய்யும் ஜெல்கள்:* பென்சோகெய்ன் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குலைத்து, உதடும் நகமும் நீலம் பாயச் செய்யக்கூடும். லிடோகெய்ன் எச்சிலோடு விழுங்கப்பட்டால் வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரலாம். சாலிசிலேட் கலந்தவை ஆஸ்பிரின் இனத்தைச் சேர்ந்தவை, குழந்தைகளுக்கு ஆகா.

*தேன்:* ஓராண்டு நிறையாத குழந்தைக்கு ஒரு துளியும் வேண்டாம். அதிலிருக்கக்கூடிய பாட்டுலிசக் கிருமி தசைகளைச் செயலிழக்கச் செய்யும்.

*வசம்பு, கிராம்பு எண்ணெய், பிராந்தி:* ஈற்றில் தடவுவதும் உரசிப் புகட்டுவதும் கூடாது. கையில் கட்டும் வசம்பு வளையலையும் பாசிமணியையும் குழந்தை கடிக்கும்போது, துண்டு உடைந்து மூச்சுக்குழலில் சிக்கலாம்.

*முறுக்கு, ரஸ்க், பச்சைக் கேரட்:* கடிக்கக் கொடுக்கும் இவையும் தொண்டையை அடைக்கக்கூடியவை.

எப்போது மருத்துவரிடம் வர வேண்டும்?

100.4 டிகிரி அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல் இருந்தால் மருத்துவரிடம் வாருங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தையாயின் உடனே வர வேண்டும். வயிற்றுப்போக்கு, தொடர் வாந்தி, பால் குடிக்க மறுத்தல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை, சோர்ந்து கிடத்தல், மூச்சுத்திணறல், வலிப்பு ஆகியவற்றில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். வயிற்றுப்போக்கு தொடங்கியதுமே ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கரண்டி கரண்டியாகப் புகட்டத் தொடங்குங்கள், தாய்ப்பாலையும் தொடருங்கள்.

அழுகை ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தாலும் வாருங்கள். காதுத் தொற்று, வாய்ப்புண், சிறுநீர்த் தொற்று ஆகியவை பல் வலியாகத் தோற்றமளிப்பதுண்டு. ஈற்றின் மேல் நீலநிற வீக்கம் தெரிந்தால் அஞ்ச வேண்டாம். பெரும்பாலும் பல் வெளிவந்ததும் அது தானே மறையும். அதைக் கீறிவிடாதீர்கள்.

பல் முளைப்பது நோயன்று, வளர்ச்சி. அந்த ஒரு வாரச் சிணுங்கலுக்குக் குளிர்ந்த துணியும் தாயின் மடியும் பெரும்பாலும் போதும். அதற்கு மேற்பட்ட எதையும் பல்லின் கணக்கில் எழுதும் முன், குழந்தையை ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள்.