கோழிக் குஞ்சுகளுக்குக் கறையான் ஆகாரம்

களத்து மேட்டில் தாய்க்கோழி தன் குஞ்சுகளை நடத்திச் செல்வதைக் கவனித்தவர்கள் ஒரு விஷயத்தை அறிவார்கள். சிந்திய நெல் காலடியில் கிடக்க, அக்கோழி அதனை விட்டு வைக்கோற்போரின் அடியையே கிளறும். வெண்ணிறக் கறையான் வெளிப்பட்டவுடன் குரல் கொடுக்கும். குஞ்சுகள் ஓடிவந்து பொறுக்கும். தானியம் மலிந்த இடத்திலும் பூச்சியைத் தேடும் இவ்வியல்பு வீணானதன்று. குஞ்சுப் பருவத்தில் உடல் வளர்வதற்கு வேண்டிய சத்து தானியத்தில் போதிய அளவு இல்லை என்பதே இதன் காரணமாகும்.

தாய்க்கோழி கிளறித் தேடும் அவ்வாகாரத்தை நாமே ஒரு பழம் பானையைக் கொண்டு நாள்தோறும் திரட்டிக் கொடுக்கலாம். இம்முறை நம் கிராமங்களில் நெடுநாளாக வழங்கி வருவதே. ஆயினும் அதனைச் செவ்வையாகச் செய்வோர் சிலர். அதில் மறைந்துள்ள அபாயத்தை அறிந்தோர் அவரினும் சிலர். ஆகவே இரண்டையும் இங்கு விளக்குவோம்.

1. குஞ்சுகளுக்கு வேண்டிய சத்து

பொரித்த குஞ்சு முதல் இரண்டு மூன்று நாட்கள் தன் வயிற்றில் எஞ்சியுள்ள மஞ்சட் கருவினாலேயே பெரும்பாலும் பிழைக்கும். அதன்பின் சுமார் எட்டு வாரம் வரை அதன் ஆகாரத்தில் நூற்றுக்கு 20 பங்கு புரதம் இருத்தல் நலம். அரிசி நொய்யில் உள்ளது 7 அல்லது 8 பங்கே. கம்பில் சுமார் 11 பங்கு. நொய்யை மட்டும் தின்று வளரும் குஞ்சு இறகு சரிவர முளையாமல், குளிருக்கும் வியாதிக்கும் எளிதில் இரையாகிறது.

கடலைப் பிண்ணாக்கைச் சேர்த்து இக்குறையை நீக்கலாம். இரண்டு பங்கு நொய்க்கு ஒரு பங்கு பிண்ணாக்குச் சேர்த்தால் ஏறக்குறைய மேற்சொன்ன அளவு எட்டும். ஆனால் பிண்ணாக்கை விலை கொடுத்து வாங்க வேண்டும். அன்றியும் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கில் குஞ்சுகளின் ஈரலைக் கெடுக்கும் விஷம் உண்டாகிறது. கறையானோ செலவில்லாதது. உலர்ந்த நிறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதமும், அதனோடு கொழுப்பும் உடையது. எனினும் உயிருடன் பிடித்த கறையானில் பெரும் பகுதி ஜலமேயாதலால், அது தானியத்துக்குத் துணையேயன்றித் தானியத்துக்குப் பதிலாகாது.

2. கறையானின் இயல்பு

நம் வயல் வரப்புகளில் புற்றெழுப்புவன பெரும்பாலும் ஒடன்டோடெர்மிஸ் என்னும் இனத்தைச் சேர்ந்தவை. இவை மரம், வைக்கோல், உலர்ந்த சாணம் ஆகியவற்றை அரித்துத் தின்று புற்றினுட் சென்று, அதைக் கொண்டு ஒருவகைப் பூஞ்சணத்தைத் தோட்டம்போல வளர்த்து உண்கின்றன. இரை தேடி வெளிவருபவை வேலைக்காரக் கறையான்கள். இவற்றின் மேற்றோல் மிக மெல்லியது. வெயிலும் உலர்ந்த காற்றும் பட்டால் விரைவில் வாடி மடியும். அதனாலேயே தாம் செல்லும் வழியெல்லாம் மண்ணால் கூரையிட்டுக் கொள்கின்றன.

இவ்வியல்பிலிருந்து நமக்குத் தெரிவது யாதெனில், இருளும், ஈரமும், இரையும் ஒருங்கே அமைந்த இடத்தை நாம் உண்டாக்கினால் கறையான் தானே வந்து சேரும் என்பதாம். கவிழ்த்த பானை அம்மூன்றையும் தருகிறது.

3. பானை வைக்கும் விதம்

வாயகன்ற மண்பானை ஒன்று போதும். விளிம்பு உடைந்ததாயினும் குற்றமில்லை. கிழிந்த கோணி, உலர்ந்த வறட்டித் துண்டு, தென்னை நார், பனையோலைச் சிம்பு, மக்கிய மரச் சிராய், வைக்கோல் ஆகிய இவற்றில் அகப்பட்டதை அதனுள் தளர்ச்சியாக நிரப்புக. இறுக்கி அடைத்தால் கறையான் ஏற இடமிராது. ஜலம் தெளித்து எல்லாவற்றையும் நனைக்க வேண்டும். ஆனால் பிழிந்தால் சொட்டும் அளவுக்கு ஈரம் ஆகாது.

பழைய வைக்கோற்போர் இருந்த இடம், வேலியடி, மரத்தடிச் சருகு மேடு ஆகியவை ஏற்றவை. மண்ணைக் கொத்திப் பார்த்துக் கறையான் தடம் கண்ட இடத்தில், மேல் மண்ணை விரற்கடை ஆழம் சுரண்டி நனைத்து, மாலையில் பானையைக் கவிழ்த்து, விளிம்பைச் சுற்றி மண் அணைக்க வேண்டும். கோடையில் பானையின் மீது ஈரக் கோணி போர்த்துவது அவசியம். பெருமழைக் காலத்தில் மேட்டு நிலத்தில் வைத்து மேலே ஓலை சார்த்துக. கறையான் மிகுந்த இடத்தில் மறுநாட் காலையே பானை நிரம்பும். புதிய இடத்தில் இரண்டு மூன்று நாட்கள் பொறுத்துப் பார்க்கலாம். ஒரே இடத்தில் தினந்தோறும் எடுத்தால் வரவு குறையுமாதலால், மூன்று இடங்களில் மாற்றி மாற்றி வைப்பது உத்தமம்.

காலையில் வெயில் ஏறுமுன் எடுத்துவிட வேண்டும். பானையைக் கையால் தூக்குமுன் நீண்ட கோலால் சாய்த்துப் பார்ப்பது கட்டாயம். தேளும் பாம்பும் அதே இருளையும் குளிர்ச்சியையும் நாடி வருவன. பெரிய புற்றைக் கொத்துவதும் இக்காரணத்தால் தகாது. அதற்குத் தேவையும் இல்லை.

4. ஊட்டும் விதம்

பானையில் உள்ளதை ஒரு முறத்திலோ சாக்கிலோ தட்டிக் குஞ்சுகளின் நடுவே வைத்தால் சில நிமிஷங்களில் பொறுக்கித் தீர்த்துவிடும். நன்றாய்ப் பற்றிய ஒரு பானை முப்பது அல்லது நாற்பது குஞ்சுகளுக்கு ஒரு வேளைக்குப் போதுமென்பது அனுபவக் கணக்கு. நான்காம் நாள் முதல் சிறிது சிறிதாகத் தொடங்கலாம். கறையானுக்குப் பின் நொய்யும் சுத்த ஜலமும் வைக்க வேண்டும். எறும்பு புகுந்த பானையை விலக்குக. கோழியின் நாடாப் புழுக்களில் சில எறும்பின் வழியாகவே பரவுகின்றன.

மிஞ்சிய கறையான் வீட்டு மரத்தைப் பற்றுமோவென்று சிலர் அஞ்சுவர். கூட்டைப் பிரிந்த வேலைக்காரக் கறையான்கள் தாமாகப் புதிய கூடு வைக்க வல்லவையல்ல, விரைவில் மடிந்துவிடும். ஆயினும் பானையை வீட்டுச் சுவரை ஒட்டி வைப்பது நன்றன்று.

பூச்சி ஆகாரம் பெரும்பாலானவற்றில் ஒரு குறை உண்டு. எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அவற்றில் மிகக் குறைவு. ஆகவே தானியத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு கிளிஞ்சற் பொடியைக் கலப்பதும், குஞ்சுகளைக் காலை வெயிலில் விடுவதும் தவிரலாகாது. மேலும் கறையான் மருந்தன்று. கொள்ளை நோயான ராணிக்கெட்டுக்கு முதல் வாரத்தில் இடும் சொட்டு மருந்தை எவ்வாகாரமும் ஈடுசெய்யாது.

5. கரப்பான் பூச்சியைக் கொடுக்கலாமா?

இவ்வினாவை இளைஞர் சிலர் கேட்கின்றனர். அயல்நாடுகளில் பல்லி இனங்களை வீட்டில் வளர்ப்போர், அவற்றின் இரைக்காக டூபியா என்னும் தென்னமெரிக்கக் கரப்பானைப் பெட்டிகளில் பெருக்குகின்றனர் என்பது உண்மையே. அப்பூச்சி வழவழப்பான சுவரில் ஏறமாட்டாது. முட்டையை வெளியிலிடாமல் ஒரு தடவைக்கு இருபது முதல் நாற்பது வரை குஞ்சுகளை ஈனும். சுமார் 30 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில், முட்டை அடுக்கும் அட்டைகளுக்கிடையே, தவிடும் காய்கறியும் தின்று நான்கு முதல் ஆறு மாதத்தில் முதிரும். அவ்வளர்ப்பாளரிடம் நாம் கற்கத்தக்க பாடங்கள் இரண்டு: இரையாகும் பூச்சி எதைத் தின்றதோ அதுவே உண்ணும் பிராணிக்கும் சேரும் என்பது ஒன்று, பூச்சியின் மீது சுண்ணாம்புப் பொடி தூவிக் கொடுப்பது மற்றொன்று.

ஆனால் நம் அடுக்களையிலும் கோழிக் கொட்டிலிலும் திரியும் கரப்பான் வேறு. கொட்டிலில் எருவுக்கடியில் வாழும் சுரினாம் கரப்பான், கோழியின் கண் புழுவைத் தன் உடலில் தாங்கியிருக்கும். அதனைக் கோழி விழுங்கினால் புழுவின் இளநிலை இரைப்பையிலிருந்து வாய்வரை ஊர்ந்து, கண்ணீர்க் குழாய் வழியே கண்ணின் உள்ளிமைக்கடியில் குடியேறுகிறது. கண் வீங்கி நீர் வடிந்து, கவனியாது விட்டால் பார்வையே கெடும். ஆதலின் கரப்பானைப் பிடித்துக் கொடுத்தல் கூடாது; கொட்டிலைச் சுத்தமாக வைத்து அதனை ஒழிப்பதே முறை. அயல்நாட்டுப் பூச்சியைக் கொணர்ந்து வளர்ப்பதும் கிராமத்துக்குத் தேவையற்றது.

6. விஷம் ஊறிய மண்

இக்கட்டுரையின் முக்கியமான பகுதி இதுவே. இதை எழுதுபவன் தன் பிழையால் கற்ற பாடமாதலின் மறைக்காமல் கூறுகிறான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில், கணவனை இழந்த அம்மையார் ஒருவர் இரண்டு கோழிகளையும் பத்தொன்பது குஞ்சுகளையும் வைத்திருந்தார். மகளின் பள்ளிச் செலவுக்கு அவர் நம்பியிருந்தது அக்குஞ்சுகளையே. நான் அவருக்குப் பானை முறையைச் செய்து காட்டினேன். கறையான் மிகுந்திருந்த வேலியடியைக் கண்டு அங்கேயே கவிழ்க்கச் சொன்னேன். மறுநாட் காலை பானை நிரம்பியிருந்தது. குஞ்சுகள் ஆவலுடன் தின்றன. உச்சிப் பொழுதுக்குள் அவை வாயில் நீர் ஒழுகக் கால் இழுத்துச் சாய்ந்தன. மாலைக்குள் பதினான்கு இறந்தன. பின்னர் விசாரித்ததில், வேலிக்கு அப்பாலுள்ள தோட்டக்காரர் புதிதாய் நட்ட தென்னங்கன்றுகளுக்குச் சில நாட்களுக்கு முன் கறையான் மருந்து ஊற்றியிருந்தது தெரிந்தது. அம்மையார் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. “நீங்க நல்லதுக்குத்தானே ஐயா சொன்னீங்க” என்றார். குஞ்சுகளின் விலையைக் கொடுத்தேன். ஆயினும் அச்சொல் இன்றும் என் மனத்தை விட்டு நீங்கவில்லை. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே. அதைக் கேட்கவில்லை.

“மருந்து ஊற்றிய இடத்தில் கறையான் எப்படி உயிருடன் இருக்கும்?” என்று பலர் கேட்பர். குளோர்பைரிபாஸ் போன்ற மருந்து நேரே பட்ட கறையானைக் கொல்லும். ஆனால் ஓரங்களில் சிறிதளவே பட்டவை தப்பித் திரியும். இமிடாகுளோபிரிட், பிப்ரோனில் ஆகியவையோ உடனே கொல்லாதவை. கறையான் அம்மருந்து இருப்பதை உணராமல் உடலில் ஏற்றிக்கொண்டு கூட்டுக்குச் சென்று மற்றவற்றுக்கும் பரப்ப வேண்டுமென்பதே அவற்றின் நோக்கம். ஆகவே உயிருடன் ஊர்கிறது என்பது விஷமின்மைக்குச் சாட்சியாகாது. முற்காலத்தில் தாராளமாகத் தூவப்பட்ட ஆல்ட்ரின், பி.எச்.சி. ஆகியவை இப்போது தடைசெய்யப்பட்டுள்ளன; எனினும் அவை மண்ணில் நெடுங்காலம் தங்கும் தன்மையுடையவை.

ஆதலின் பானை வைக்குமுன் கீழ்க்கண்டவற்றை விசாரித்தறிக:

(அ) அந்நிலத்திலும் அதை அடுத்த நிலத்திலும் கறையான் மருந்து எப்போதாயினும் ஊற்றப்பட்டதா?

(ஆ) அருகே புதிய கட்டடம் எழுந்ததா? கடைகால் போடும்போது மருந்து ஊற்றுவது இப்போது சாதாரணம்.

(இ) கரும்பு, நிலக்கடலை, தென்னங்கன்று பயிரிட்ட இடமா? இவற்றுக்கே மண் மருந்து மிகுதியாய் இடப்படுகிறது.

ஐயம் சிறிதிருப்பினும் அவ்விடத்தை விடுக. பானையில் இடும் கோணியும் உரம், பூச்சி மருந்து, மருந்து கலந்த விதை இவற்றைச் சுமந்ததாக இருத்தலாகாது. குஞ்சுகள் வாடக் கண்டால் உடனே ஆகாரத்தை நீக்கிக் கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் செல்க. இன்ன மருந்தென்று சொல்ல முடிந்தால் சிகிச்சை எளிதாகும்.

7. நிலக்காரருக்கும் கிராம அதிகாரிகளுக்கும்

பெருநிலம் உடையோர்க்குப் பத்துக் குஞ்சு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் கோழியே கைம்முதலான குடும்பங்கள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. அவர்கள் பானை வைப்பது பெரும்பாலும் உங்கள் வரப்பிலும் வேலியடியிலுமே. ஆகையால் கறையான் மருந்து ஊற்றுவோர், ஊற்றிய இடத்தில் ஒரு குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டி, அண்டை வீடுகளுக்குச் சொல்லி அனுப்புக. பள்ளி, சாவடி முதலிய பொதுக் கட்டடங்களுக்கு மருந்திடும்போது கிராம அதிகாரிகள் முன்னதாகவே ஊரறியச் செய்து, நாளையும் மருந்தின் பெயரையும் குறித்து வைப்பது பேருபகாரமாகும்.

முடிவாகக் கூறுமிடத்து, மாலையில் கவிழ்த்துக் காலையில் எடுக்க வேண்டும். கோலால் சாய்த்த பின்பே கை வைக்க வேண்டும். கிளிஞ்சற் பொடியையும் தடுப்பு மருந்தையும் மறக்கலாகாது. இவையெல்லாவற்றுக்கும் முன்னதாக, அம்மண்ணில் என்ன ஊற்றப்பட்டது என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.