அமரும் உரிமை

நுழையும்முன்

பண்டிகைக்குப் புத்தாடை வாங்கத் துணிக்கடைக்குச் செல்கிறோம். நம்மை அமரச் சொல்கின்றனர். குடிக்க நீர் தருகின்றனர். எதிரே நின்று துணிகளை விரித்துக் காட்டும் பெண் எப்போது அமர்வார்? எப்போது நீர் அருந்துவார்? இவ்வினாக்களை எழுப்பி, மாநிலத்தின் சட்டத்தையே திருத்தச் செய்த உழைக்கும் பெண்களின் வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

நின்றே கழியும் நாள்

காலையில் கடை திறக்கும்போது நிற்கத் தொடங்கும் விற்பனைப் பெண், இரவில் கடை அடைக்கும் வரை நிற்கிறார். உணவு இடைவேளை ஒன்றே அவர் கால்களுக்குக் கிடைக்கும் ஓய்வு. வாடிக்கையாளர் எவரும் இல்லாத நேரத்திலும் சுவரில் சாயவோ மேசைமீது கையூன்றவோ அவருக்கு அனுமதி இல்லை. அமர்ந்தால் ஊதியத்தில் பிடித்தம் செய்யும் வழக்கமும் சில கடைகளில் இருந்தது.

இதனால் உடலுக்கு நேரும் தீங்கு சிறிதன்று. காலில் இருந்து குருதி மேலேறி இதயத்தை அடைய வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து குருதியை மேலே தள்ளுகின்றன. அசையாது நெடுநேரம் நிற்கும்போது அச்செயல் குறைகிறது. குருதி கால்களிலேயே தேங்குகிறது. நாளடைவில் கால்கள் வீங்குகின்றன. சிரைகள் புடைத்துச் சுருள்கின்றன. முதுகுவலியும் முழங்கால்வலியும் நிலைத்துவிடுகின்றன.

கழிப்பறை இல்லாத கடைகளில் துன்பம் இருமடங்காகும். கழிப்பறைக்குச் செல்ல வழியில்லாத பெண்கள் நீர் அருந்துவதையே குறைத்துக்கொண்டனர். நீர் குறைவதாலும் சிறுநீரை அடக்குவதாலும் நோய்த்தொற்று உண்டாயிற்று. தாகத்தை அடக்கிக்கொண்டு வேலை செய்வதே அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

கோழிக்கோட்டில் எழுந்த குரல்

கேரள மாநிலத்தின் கோழிக்கோடு நகரில் மிட்டாய்த் தெரு என்னும் புகழ்பெற்ற கடைத்தெரு உள்ளது. அங்குத் தையல் தொழில் செய்து வந்தவர் விஜி. கடைகளில் பணிபுரிந்த பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்பதைத் தம் பட்டறிவால் உணர்ந்தவர் அவர். பெண்களை ஒன்றுதிரட்டிப் ‘பெண்கூட்டு’ என்னும் அமைப்பை அவர் உருவாக்கினார். மலையாளப் பெயராயினும் தமிழர் எவருக்கும் உடனே பொருள் விளங்கும் பெயர் அது.

பெண்கூட்டு முதலில் கேட்டது ஊதிய உயர்வு அன்று, கழிப்பறை. வெளியில் சொல்லவே கூச்சப்பட்ட ஒரு தேவையைத் தெருவில் நின்று உரத்த குரலில் கேட்டனர். சிலர் ஏளனம் செய்தனர். எனினும், பேசத் தயங்கிய பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தனர்.

அடுத்த கோரிக்கை, அமரும் உரிமை. இப்போராட்டத்தை அவர்கள் ‘இரிக்கல் சமரம்’ என்றனர். மலையாளத்தில் ‘இரிக்குக’ என்றால் அமர்க என்பது பொருள். தமிழிலும் ‘இரு’ என்னும் வினைக்கு அமர்தல் என்னும் பொருள் உண்டு. ‘இருக்கை’ என்னும் சொல் அதிலிருந்தே பிறந்தது. ‘சமரம்’ என்பது தமிழில் ‘சமர்’ என வழங்கும் சொல்லே. இரு மொழியினருக்கும் புரியும் அப்பெயர், கோரிக்கையின் எளிமையையும் காட்டியது.

2014ஆம் ஆண்டின் இறுதியில் திருச்சூரில் ஒரு பெரிய துணிக்கடையின் முன் பெண் பணியாளர்கள் சிலர் போராட்டம் தொடங்கினர். சங்கத்தில் சேர்ந்ததற்காகத் தொலைவில் உள்ள கிளைகளுக்குத் தாங்கள் மாற்றப்பட்டதாக அவர்கள் கூறினர். அப்போராட்டம் நூறு நாள்களுக்கு மேல் நீடித்தது. கடையினுள் அமர இடம் கேட்டவர்கள், கடையின் வெளியே வெயிலிலும் பனியிலும் அமர்ந்திருந்தனர்.

சட்டம் வந்தது

உழைப்போர் அமர வேண்டும் என்பது புதிய கருத்தன்று. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், நின்றுகொண்டே பணிபுரிவோருக்கு இருக்கை வசதி செய்து தருமாறு அன்றே கூறியது. ஆயினும், கடைகள் தொழிற்சாலைகள் அல்ல. ஆகவே, அச்சட்டத்தின் நிழல் துணிக்கடைப் பெண்கள்மீது விழவில்லை.

2018ஆம் ஆண்டில் கேரள அரசு கடைகள், வணிக நிறுவனங்கள் தொடர்பான தன் சட்டத்தைத் திருத்தியது. பணியாளர்க்கு இருக்கை வழங்குவது கட்டாயமாயிற்று. மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2021ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் தமிழ்நாடு சட்டமன்றத்திலும் இத்தகைய திருத்தம் கொண்டுவரப்பட்டது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947இல் 22-அ என்னும் புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. பணியினிடையே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் பணியாளர் அமர்வதற்கு ஏற்ற இருக்கைகள் வேண்டும் என்பது அதன் சாரம்.

இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. இச்சட்டம் பெண்களுக்கு மட்டும் உரியதன்று. ஆண் பணியாளரும் இதனால் அமர்கின்றனர். பெண்கள் போராடிப் பெற்ற உரிமை எல்லார்க்கும் பொதுவாயிற்று.

அச்சமின்றிப் பணிபுரிய

இருக்கை இருந்தால் போதுமா? பணியிடத்தில் பெண்ணை இழிவாகப் பேசுவதும், அவள் விருப்பத்திற்கு மாறாகத் தொடுவதும், வேலையைக் காட்டி அச்சுறுத்துவதும் வன்முறையே. இராசத்தான் மாநிலத்தில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற பெண் பணியாளர் ஒருவர் 1992இல் கொடிய வன்முறைக்கு ஆளானார். அதைத் தொடர்ந்து பெண்கள் அமைப்புகள் தொடுத்த விசாகா வழக்கில், பணியிடத்தில் பெண்களைக் காப்பதற்கான நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 1997இல் வகுத்தது. பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 2013இல் நாடாளுமன்றம் இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றியது.

அச்சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் உள்ளகக் குழு அமைக்கப்பட வேண்டும். அதன் தலைவர் பெண்ணாக இருத்தல் வேண்டும். உறுப்பினருள் பாதிப்பேரேனும் பெண்களாதல் வேண்டும். சிறு கடைகளிலும் வீடுகளிலும் பணிபுரியும் பெண்கள் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் முறையிடலாம்.

நிற்பதா மரியாதை?

‘வாடிக்கையாளர் முன் பணியாளர் நிற்பதே மரியாதை’ என்பர் சிலர். வந்தவரை எழுந்து வரவேற்பது தமிழர் மரபுதான், மறுப்பதற்கில்லை. ஆனால், அமர்ந்திருப்பவரால்தானே எழுந்து வரவேற்க இயலும்? நாள் முழுவதும் நிற்க வைக்கப்பட்டவர் நிற்பது மரியாதையால் அன்று, வேறு வழியின்மையால்.

சட்டம் இருக்கையைக் கடைக்குள் கொண்டுவரும். அதில் அமரும் துணிவைப் பணியாளர்க்கும், அமர்ந்திருப்பவரைக் கண்டு முகம் சுளிக்காத பண்பை வாடிக்கையாளர்க்கும் சட்டத்தால் மட்டும் தந்துவிட முடியாது. ‘நீங்கள் அமர்ந்தே காட்டுங்கள், அக்கா’ என்று ஒரு சிறுமி சொல்லும் சொல்லுக்கு அங்கே மிகுந்த வலிமை உண்டு. அச்சொல்லை முதலில் வீட்டில் சொல்லிப் பழகலாம். எல்லார்க்கும் உணவு பரிமாறிய பின், இறுதியாகத் தனியே உண்ணும் அன்னைக்கும் ஓர் இருக்கை காத்திருக்கிறது.

தெரிந்து தெளிவோம்

• ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் - அரசியலமைப்பின் 39ஆம் உறுப்பு.
• நேர்மையான, மனிதநேயமிக்க பணிச்சூழலும் மகப்பேற்று உதவியும் - 42ஆம் உறுப்பு.
• பெண்கள் உதவி எண் - 181. குழந்தைகள் உதவி எண் - 1098.

சொல்லும் பொருளும்

குருதி - இரத்தம்
சிரை - இதயத்திற்குக் குருதியைக் கொண்டு செல்லும் குழாய்
பட்டறிவு - அனுபவம்
சமர் - போர்
சாரம் - பிழிவு, உட்கருத்து

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. ‘பெண்கூட்டு’ முதலில் எதனைக் கேட்டது?
2. 1948ஆம் ஆண்டுச் சட்டம் துணிக்கடைப் பெண்களுக்கு ஏன் பயன்படவில்லை?
3. உள்ளகக் குழுவின் தலைவராக இருக்க வேண்டியவர் யார்?

ஆ. பிரித்து எழுதுக.
இவ்வினா, பணியிடம், புத்தாடை

இ. சிந்தித்து எழுதுக.
1. ‘பெண்கள் போராடிப் பெற்ற உரிமை எல்லார்க்கும் பொதுவாயிற்று’ - விளக்குக.
2. நீங்கள் வாழும் ஊரின் மொழியில் ‘இருக்கை’க்கு வழங்கும் சொல் யாது? அவ்வூர்க் கடை ஒன்றில் பணியாளர்க்கு இருக்கை உள்ளதா எனக் கண்டு, ஐந்து தொடர்களில் எழுதுக.
3. உங்கள் அன்னையோ பாட்டியோ ஒரு நாளில் எத்தனை மணிநேரம் நின்றுகொண்டு வேலை செய்கிறார்? கேட்டு அறிந்து, அவருக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவியைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் வரைக.