மூச்சில் சுகர் பார்க்கலாமா? குற்றாலச் சாரலில் ஒரு சென்சார் பாடம்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தலைப்புகளில் வருஷா வருஷம் தவறாமல் வரும் ஒன்று, "மூச்சுக்காற்று மூலம் சர்க்கரை நோய் கண்டறிதல்". ஒரு ஆர்டுயினோ, ஒரு எம்க்யூ-135 சென்சார், ஒரு எல்சிடி. ஊதினால் எண் வரும், ரிவ்யூ முடிஞ்சிரும். ஐடியாவைக் குறை சொல்லவே முடியாது. விரல் நுனியில் குத்தாமல் சுகர் பார்க்கலாம் என்றால் எந்த வீட்டில்தான் வேண்டாம்னு சொல்வாங்க?

பிரச்சினை என்னன்னா, அந்த எல்சிடியில் ஓடும் எண் பெரும்பாலும் சர்க்கரையைக் காட்டுறது இல்லை. தண்ணீரைக் காட்டுது. இது ஏன் என்று புரிஞ்சுக்க தென்காசி, குற்றாலத்தைவிட நல்ல லேப் கிடையாது. அதைத்தான் இங்கே பார்க்கப் போறோம்.

நாம் வெளியே விடும் காற்றில் நைட்ரஜன் ஏறக்குறைய முக்கால் பங்கு. ஆக்சிஜன் சுமார் 16 சதவீதம், கார்பன் டை ஆக்சைடு 4 முதல் 5 சதவீதம், நீராவி 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். இதுக்கு அப்புறம் மிச்சமிருக்கிற துளியில்தான் மருத்துவம் இருக்கு. 1971-ல் லைனஸ் பாலிங் குழு மூச்சைக் குளிரவைத்துச் சேகரித்து, கேஸ் குரோமட்டோகிராஃபியில் விட்டுப் பார்த்தபோது சுமார் 250 பொருட்கள் தெரிந்தன. இன்றைய மூச்சு ஆய்வெல்லாம் அங்கிருந்து கிளம்பியதுதான்.

எந்த வாயு எவ்வளவு இருக்குன்னு ஒரு ஏணி போட்டுப் பாருங்க. பிபிஎம் என்றால் பத்து லட்சம் மூலக்கூறில் எத்தனை என்பது கணக்கு. மூச்சில் கார்பன் டை ஆக்சைடு 40,000 பிபிஎம்முக்கு மேல். டிராஃபிக் போலீஸ் பிடிக்கும் ஆல்கஹால்? மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவின்படி எல்லை, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். ரத்தத்துக்கும் மூச்சுக்கும் 2100-க்கு 1 என்ற வழக்கமான விகிதத்தைப் போட்டால் மூச்சில் சுமார் 75 பிபிஎம் வரும். சாப்பிட்டுட்டு நல்லா இருக்கிற ஒருத்தர் மூச்சில் அசிட்டோன் சுமார் 1 பிபிஎம். ஆஸ்துமாவுக்குப் பார்க்கும் நைட்ரிக் ஆக்சைடு 0.025 பிபிஎம். போலீஸ் மெஷின் வேலை செய்யுது, அப்போ நம்ம மெஷினும் செய்யும் என்று நினைக்கிறவங்க இந்த ஏணியில் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்ப்பதே இல்லை.

அசிட்டோன் மூச்சுக்கு எப்படி வருது? இன்சுலின் பற்றாதபோது செல்லுக்குள் குளுக்கோஸ் போகாது. உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பிக்கும். கல்லீரலில் கீட்டோன்கள் உருவாகும், அதில் ஒன்றான அசிட்டோஅசிட்டேட் உடைந்து அசிட்டோன் ஆகும். அது எளிதில் ஆவியாகும் என்பதால் நுரையீரல் வழியே வெளியே வந்துவிடும். ஆக, அசிட்டோன் சொல்வது கொழுப்பு எரியும் கதையை. குளுக்கோஸ் எவ்வளவு என்ற கதை அதில் நேரடியாக இல்லை. சனிக்கிழமை விரதம் இருக்கும் ஆச்சிக்கும், நோன்பு பிடிக்கும் நண்பனுக்கும், கீட்டோ டயட்டில் இருக்கும் ஜிம் அண்ணனுக்கும் சுகரே இல்லாமல் அசிட்டோன் ஏறும். கீட்டோ டயட்டில் பத்துக்கணக்கான பிபிஎம் வரை போகும். அதனால "மூச்சு அசிட்டோன் இவ்வளவு, ஆகவே சுகர் 180" என்று எல்சிடியில் போடுவதை நான் ஒத்துக்க மாட்டேன். கீட்டோன் என்று போட்டால் ஒத்துக்கலாம். டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து கீட்டோஅசிடோசிஸ் பக்கம் போகும்போது அசிட்டோன் பல மடங்கு ஏறும், மூச்சில் பழ வாடையே அடிக்கும். நேரத்தில் பிடிக்கலைன்னா உயிருக்கே ஆபத்து. நல்ல கருவி வந்தால் உண்மையிலேயே உதவுற இடம் அதுதான்.

இப்போ சென்சாருக்கு வருவோம். எம்க்யூ வகை சென்சாரின் மூதாதை ஜப்பானின் நவோயோஷி தகுச்சி 1962-ல் பேட்டன்ட் எடுத்தது. நோக்கம் சமையல் கேஸ் கசிவு. உள்ளே டின் ஆக்சைடு, அதைச் சில நூறு டிகிரிக்குச் சூடாக்க ஒரு ஹீட்டர். சூடான ஆக்சைடின் மேல் காற்றிலுள்ள ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டு எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் ரெசிஸ்டன்ஸ் ஏறும். எரியக்கூடிய வாயு வந்தால் அந்த ஆக்சிஜனோடு வினைபுரியும், எலக்ட்ரான்கள் விடுபடும், ரெசிஸ்டன்ஸ் இறங்கும். எந்த வாயு வந்ததுன்னு அதுக்குத் தெரியாது. அசிட்டோன், ஆல்கஹால், கையில் தடவின சானிடைசர் எல்லாம் அதுக்கு ஒன்றுதான். அதோட எம்க்யூ-135 டேட்டா ஷீட்டைத் திறந்து பாருங்க, அளவுகள் 10 பிபிஎம்மில்தான் தொடங்கும். அசிட்டோன் 1 பிபிஎம் என்பது கோடு வரையாத இடத்தில் கோட்டை நீட்டிப் படிப்பது.

தண்ணீரும் அந்த ஆக்சைடை விடாது. நீராவி மேற்பரப்பில் ஒட்டி ஹைட்ராக்சில் ஆகி, ரெசிஸ்டன்ஸை இறக்கும். வாயு வினைபுரிய வேண்டிய இடங்களையும் பிடித்துக்கொள்ளும். இங்கேதான் குற்றாலம் வருது.

ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழைஞ்சு சாரலா விழும்போது, 25 டிகிரி, 90 சதவீத ஈரப்பதம் சாதாரணம். நீராவி அழுத்தக் கணக்குப் போட்டால் காற்றில் சுமார் 28,000 பிபிஎம் தண்ணீர். நம்ம ஏசி லேப், 24 டிகிரி, 50 சதவீதம் என்றால் சுமார் 15,000 பிபிஎம். ஏசி லேபில் ஆர்-ஜீரோ எடுத்த கருவியைச் சாரலில் ஆன் பண்ணினால், யாரும் ஊதாமலேயே 13,000 பிபிஎம் தண்ணீர் கூடுதலா வந்து உட்கார்ந்திருக்கும். தேடுறது 1 பிபிஎம் அசிட்டோன். சீசன் ஞாயிற்றுக்கிழமை மெயின் அருவிக் கூட்டத்துல ஒரே ஒருத்தனைத் தேடுற மாதிரி. எதிர்த் திசை இன்னும் ஆபத்து. சாரலில் ஆர்-ஜீரோ எடுத்துவிட்டு உலர்ந்த இடத்தில் பயன்படுத்தினால் எண் குறைவாக வரும். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு "நார்மல்" என்று காட்டும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. வெயில் காலத்தில் 36 டிகிரி, 40 சதவீதம் என்றால் உலர்ந்த காற்று மாதிரித் தோணும். கணக்குப் போட்டால் சுமார் 23,000 பிபிஎம், சாரலுக்குக் கொஞ்சம்தான் குறைவு. சதவீதம் வெப்பநிலையைச் சார்ந்தது. சூடான ஆக்சைடு பார்ப்பது மொத்த நீராவியை. அதனால் கரெக்‌ஷன் கோடு எழுதும்போது ஈரப்பதச் சதவீதத்தை அப்படியே போடாதீங்க, பிபிஎம்மா மாற்றிப் போடுங்க. டிஹெச்டி-11 வேண்டாம். அதன் எல்லையே 20 முதல் 90 சதவீதம்தான். ஊதின மூச்சு ஏறக்குறைய 100 சதவீதம். சாரல் அன்னைக்கு வெளிக்காற்றே அதன் எல்லையில் போய் முட்டும்.

குழாயிலும் ஒரு பிரச்சினை. வாயிலிருந்து வரும் மூச்சு சுமார் 34 டிகிரி, முழு ஈரம். 25 டிகிரியில் இருக்கும் பிளாஸ்டிக் குழாயில் பட்டவுடன் தண்ணீர் முத்து முத்தா நிற்கும். அசிட்டோன் தண்ணீரில் நல்லா கரையும். தேடி வந்த ஆள் குழாய்ச் சுவரிலேயே தங்கிவிடுவான். 40 டிகிரிக்கு மேல் குழாயைச் சூடாக வைத்தால் பாதித் தலைவலி போயிரும். ஒரு சின்ன ஹீட்டர் கம்பியும் தெர்மிஸ்டரும் போதும். ஆனால் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்களில் இந்தக் குழாயைப் பற்றி ஒரு வரி இருக்காது.

அடுத்து, எந்த மூச்சு? சாதாரணமா ஒரு மூச்சு 500 மில்லி. அதில் முதல் 150 மில்லி மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாயில் இருந்த காற்று, ரத்தத்தைத் தொடாதது. ரத்தத்தோடு பேசிவிட்டு வரும் காற்று கடைசியில்தான் வரும். கார்பன் டை ஆக்சைடு 4 சதவீதம் தாண்டிய பிறகு வால்வைத் திறந்து சேகரிப்பது நல்ல வழி. கடையில் காற்றுத் தரத்துக்காக விற்கும் எம்ஹெச்-இசட்19 இதுக்கு ஆகாது, அது சில ஆயிரம் பிபிஎம்மோட நின்றுவிடும். சதவீதக் கணக்கில் படிக்கும் அகச்சிவப்பு சென்சார் வேணும்.

இதையெல்லாம் சரியாகச் செய்த கருவி எப்படி இருக்கும் என்பதற்கு நைட்ரிக் ஆக்சைடு மீட்டர் ஒரு பாடம். 1991-ல் ஸ்வீடனில் மனித மூச்சில் அந்த வாயு இருப்பதைக் கண்டார்கள். அடுத்த சில வருஷத்தில் ஆஸ்துமாக்காரர்களிடம் அது அதிகம் என்று தெரிந்தது. 2003-ல் அமெரிக்காவில் கருவிக்கு அனுமதி. பெரியவர்களுக்கு 25 பிபிபி-க்குக் கீழே குறைவு, 50-க்கு மேலே அதிகம் (பிபிபி என்றால் நூறு கோடியில் எத்தனை). ஊதும் வேகம் விநாடிக்கு 50 மில்லி என்று நிர்ணயம். வேகமா ஊதினால் எண் குறையும். அதோட, லேசான தடைக்கு எதிரா ஊதணும். அப்போ தொண்டையின் மென் அண்ணம் மேலே போய் மூக்கை அடைச்சுக்கும், ஏன்னா மூக்கில் அந்த வாயு பல மடங்கு அதிகம். இதில் சென்சார் வேதியியலைவிட ஊதும் முறைக்குத்தான் அதிகம் மெனக்கெட்டிருக்காங்க.

நம்ம நாட்டிலும் வேலை நடக்குது. தஞ்சாவூர் சாஸ்த்ராவில் ஜான் போஸ்கோ பாலகுரு ராயப்பன் குழு துத்தநாக ஆக்சைடு மெல்லிய படலங்களை வைத்து வாயு சென்சார்களில் பல வருஷமா ஆய்வு செய்துவருகிறது. ஐஐடி ஜோத்பூரில் சாக்ஷி தானேகர் குழு, ஹீட்டர் இல்லாமல் அறை வெப்பநிலையில் இயங்கும் மூச்சு சென்சாரை உலோக ஆக்சைடும் நானோ சிலிக்கானும் சேர்த்துச் செய்திருக்கிறது. முதல் இலக்கு ஆல்கஹால். கொல்கத்தா எஸ்.என்.போஸ் மையத்தில் மாணிக் பிரதான் குழு, வயிற்றுப்புண் பாக்டீரியாவான ஹெலிகோபாக்டர் பைலோரியைக் கண்டுபிடிக்க 'பைரோ-பிரெத்' என்ற கருவி செய்தது. மூச்சின் நீராவி நமக்கு எதிரி என்றேன், அவர்கள் அந்த நீராவியிலேயே இருக்கும் ஹைட்ரஜன் ஐசோடோப்பைத்தான் அடையாளமா எடுத்துக்கிட்டாங்க. எனக்கு இந்த லிஸ்டில் ரொம்பப் பிடிச்சது இதுதான்.

சரி, தென்காசிப் பக்கத்துப் பசங்க கையில் என்ன செய்யலாம்? என் சாய்ஸ் அசிட்டோன் இல்லை, கார்பன் மோனாக்சைடு. ஆலங்குளம், கீழப்பாவூர், கடையம் பக்கமெல்லாம் பீடி சுற்றும் ஊர்கள். புகைப்பதை நிறுத்த உதவும் கிளினிக்குகளில் 15 விநாடி மூச்சை அடக்கச் சொல்லி, பிறகு ஊதவைத்து கார்பன் மோனாக்சைடு பார்ப்பாங்க. 6 முதல் 10 பிபிஎம்முக்கு மேல் என்றால் சமீபத்தில் புகைத்தவர் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ரெடிமேட் எலக்ட்ரோகெமிக்கல் செல் கிடைக்குது, அளக்க வேண்டியது சில பிபிஎம், ஹீட்டர் வேண்டாம். ஹைட்ரஜன் குறுக்கே வரும், விறகடுப்புப் புகையும் எண்ணை ஏற்றும். அதைக் கேட்டுக் குறிச்சுக்கணும். எண் நாளுக்கு நாள் இறங்குவதைப் பார்த்தால் நிறுத்த நினைக்கிறவருக்கு ஒரு பிடிமானம்.

எந்த வாயுவா இருந்தாலும் காலிப்ரேஷன் இல்லாமல் ஊதச் சொல்லாதீங்க. ஆல்கஹால் கருவிகளுக்கு ஒரு பழைய முறை உண்டு. லிட்டருக்கு 1.21 கிராம் எத்தனால் கலந்த தண்ணீரை 34 டிகிரியில் வைத்து, அதன் வழியே காற்றைக் குமிழ்விட்டால், வெளியே வருவது 100 மில்லி ரத்தத்துக்கு 100 மில்லிகிராம் என்பதற்குச் சமமான 'மூச்சு'. ஈரமும் மூச்சு மாதிரியே முழுசா இருக்கும். சிலிண்டரில் வரும் உலர்ந்த வாயுவில் ஜெயிக்கிற எத்தனையோ சென்சார் இந்த பாட்டில் முன்னாடி தோற்றுப்போகும்.

மனிதர்களிடம் சோதிக்கணும்னா எதிக்ஸ் கமிட்டி அனுமதி, ஒவ்வொருத்தருக்கும் புது மவுத்பீஸ், ஒருவழி வால்வு, ஃபில்டர் எல்லாம் வேணும். ஒருத்தர் ஊதின குழாயில் அடுத்தவர் மூச்சை உள்ளே இழுத்தால் காசநோய்கூடப் பரவலாம். 2020 ஏப்ரல் 1 முதல் நோயறியும் கருவிகள் எல்லாமே சட்டப்படி மருந்து என்ற வரையறைக்குள் வந்துவிட்டன. "இது டெமோ மட்டும்" என்று பெட்டி மேலேயே எழுதி ஒட்டுங்க.

சீசன் ஜூனில் தொடங்கும். கருவியை ஏப்ரலிலேயே ஆன் பண்ணி, யாரும் ஊதாமல், பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ரெசிஸ்டன்ஸ், வெப்பநிலை, ஈரப்பதம் மூன்றையும் எஸ்டி கார்டில் பதிவாக விடுங்க. ஆகஸ்ட் வரை ஓடட்டும். அந்தக் கோடு எவ்வளவு ஆடுதுன்னு பார்த்த பிறகு தலைப்பு முடிவு பண்ணலாம்.