கண்மாய்த் தண்ணீரில் கடல் நண்டு வளராது

ஐப்பசி மழையில் கண்மாய்கள் பெருகத் தொடங்கியதும் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் ஒரு பேச்சு கிளம்பிவிடுகிறது. பண்ணைக் குட்டையிலோ வீட்டுக்குள் கட்டிய தொட்டியிலோ போர் தண்ணீரை நிரப்பி நண்டு வளர்க்கலாமாம். குளிர் மாதங்களில் தண்ணீரைச் சூடாக்கினால் போதுமாம். சிங்கப்பூர் வரை ஏற்றுமதி செய்யலாமாம். கைபேசியில் சுற்றும் காணொளிகளில் தெரியும் அடுக்குப் பெட்டி நண்டுகள் உண்மைதான். ஆனால் அவை சேற்று நண்டுகள். கழிமுகத்திலும் அலையாத்திக் காட்டிலும் வாழ்பவை. லிட்டருக்குப் பத்து முதல் இருபத்தைந்து கிராம் உப்புள்ள நீரில்தான் செழிப்பாக வளரும். முட்டை சுமந்த தாய் கடலை நோக்கிப் போய்விடும். பொரிக்கும் குஞ்சு நண்டு வடிவத்திலேயே இருக்காது; ஐந்து இளநிலைகளையும் அடுத்து ஓர் இடைநிலையையும் கடல்நீரில் கடந்தால்தான் நண்டாகும். சீர்காழி அருகே தொடுவாயில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் சேற்று நண்டுக் குஞ்சுகளைப் பொரிக்கும் நிலையத்தை அமைத்ததே கடலோரத்தை நம்பித்தான். பல லட்சம் முட்டையிலிருந்து வரும் குஞ்சுகளில் மிகச் சிறு பங்கே பிழைக்கும் அந்த வேலையை, கடலைக் காணாத ஊரில் மொட்டை மாடித் தொட்டியில் செய்துவிடலாம் என்பதை எப்படி நம்புகிறார்கள்?

பெட்டிக்குள் நடப்பது இனப்பெருக்கமும் இல்லை. தோலுரித்து, உள்ளே சதை கட்டாமல் நீர் கோத்திருக்கும் நண்டைப் பிடித்துவந்து, மூன்று நான்கு வாரம் கழிவு மீனைத் தின்னக் கொடுத்துக் கொழுக்க வைக்கிறார்கள். ஒன்றை ஒன்று தின்றுவிடும் என்பதால்தான் தனித்தனிப் பெட்டி. அதற்கும் உவர்நீர் வேண்டும், தினமும் மீன் வேண்டும், பிடித்த நண்டு உயிரோடு வந்து சேரவும் வேண்டும். “நன்னீரில் விட்டோம், உயிரோடுதானே இருந்தது” என்பார்கள். உப்புக் குறைவைச் சில காலம் தாங்கும் திறன் அதற்கு உண்டு, மறுக்கவில்லை. தாங்குவதும் வளர்வதும் ஒன்றாகுமா? உடலின் உப்பைக் காக்கவே சக்தியெல்லாம் செலவானால் சதை எங்கிருந்து வரும்? “எங்கள் போர் தண்ணீரே உப்புதானே” என்பது அடுத்த வாதம். குடிநீருக்கு இந்தியத் தரநிலை அனுமதிக்கும் உச்ச அளவு, கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2 கிராம். கடல்நீரில் 35 கிராம். வாய்க்குக் கரிக்கும் தண்ணீர் நண்டுக்குப் போதாது. அரியானாவின் உவர் நிலத்தடி நீரில் இறால் வளர்க்கிறார்களே என்றால், அங்கேயும் அந்த நீரில் குறையும் பொட்டாசியத்தைக் கலந்துதான் வளர்க்கிறார்கள். கண்மாய்ப் பாசனத்தில் நெல் விளையும் ஊரில் மூட்டை மூட்டையாக உப்பைக் கரைத்து, பிறகு அதை எந்த வாய்க்காலில் திறந்துவிடப் போகிறீர்கள்?

குளிர்காலக் கதை வந்தது வேறு தேசத்திலிருந்து. சீனத்தில் குளங்களில் வளர்க்கும் மயிர்க்கால் நண்டுக்கு அங்கே உண்மையான குளிர்காலம் உண்டு. (அதன் குஞ்சும் உவர்நீரில்தான் பொரிக்க வேண்டும். அதே நண்டு ஜெர்மனியின் ஆற்றில் 1912இல் முதன்முதலாகத் தென்பட்டு ஐரோப்பிய ஆறுகளில் பரவிக் கரைகளைக் குடைந்தது. அதை இங்கே இறக்க நினைப்பவரை முளையிலேயே தடுக்க வேண்டும்.) நம் சமவெளியில் மார்கழி இரவுக்குச் சூடாக்கி எதற்கு? இங்கே நண்டுக்குக் கடினமான காலம் கோடை. ஈரம் இறங்க இறங்க வயல் நண்டு வளையை ஆழமாகத் தோண்டி உள்ளே முடங்கும். மழைக்குத்தான் வெளியே வரும்.

அப்படியானால் வயல் நண்டையே வளர்த்தால் என்ன? அது நன்னீரிலேயே பிறந்து வளரும் நண்டு; குஞ்சு பொரிக்கும்போதே முழு நண்டு வடிவில் இருக்கும். அதனால்தான் முட்டை பெரிது, எண்ணிக்கையோ சில நூறுக்குள். வளர்ச்சி மெதுவு, ஓடு போக மிஞ்சும் சதை கொஞ்சம், விலைக்குக் குஞ்சு தரும் பொரிப்பகமும் கிடையாது. காற்றையும் சுவாசிக்கும் அந்த உயிருக்கு ஏறி உட்காரத் திட்டு வைக்காமல் தொட்டியை விளிம்பு வரை நிரப்புவது கொடுமை. ஈன்றதும் தாய் நண்டு செத்துவிடும் என்ற எண்ணம் ‘நல்வழி’ நூலின் காலத்திலிருந்தே இருக்கிறது, அதுவும் தவறு. வயிற்று மடிப்பில் குஞ்சுகளைச் சுமந்து, அவை இறங்கிப்போன பின்னும் தாய் பிழைத்திருக்கும்.

நண்டைப் பற்றிய மற்ற நம்பிக்கைகளும் இப்படித்தான். நண்டு ரசம் ஆஸ்துமாவைத் தீர்க்காது. சூடும் மிளகும் தொண்டைக்கு இதம் தரும், அவ்வளவே. பச்சை நண்டை இடித்துச் சாறு குடிப்பதோ ஆபத்து. நுரையீரல் தட்டைப்புழு அந்த வழியில்தான் உடலுக்குள் போகிறது. மணிப்பூரில் அந்த நோயைக் காசநோய் என்று தவறாகக் கருதி மருந்து கொடுத்திருக்கிறார்கள். சதையில்லாத நண்டு கிடைத்தால் நிலவைக் குறை சொல்ல வேண்டாம், அது அண்மையில் தோலுரித்த நண்டு.

தண்ணீரை வைத்துச் சம்பாதிக்க விரும்புகிறவர் பண்ணைக் குட்டையில் கட்லா, ரோகு, மிருகால் விடட்டும். மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பு ஓடைகளில் கல்லைப் புரட்டி நண்டு பிடித்துவந்து தொட்டியில் போடும் வேலையை இன்றே நிறுத்துங்கள். 2021இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைக் காட்டுக்குள் அனுமதியின்றி எந்த உயிரைப் பிடித்தாலும் குற்றம். கடலில் மிதந்து பரவும் குஞ்சுப்பருவம் இல்லாததால் மேற்குத் தொடர்ச்சி மலையின் பல நண்டினங்கள் சின்னஞ்சிறு எல்லைக்குள்ளேயே வாழ்கின்றன. ஓர் ஓடையில் அழிந்தால் அடுத்த ஓடையிலிருந்து எளிதில் வந்து சேராது. உலகின் 1,280 நன்னீர் நண்டினங்களை 2009இல் மதிப்பிட்டபோது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அழியும் ஆபத்தில் இருந்தது. ஏறக்குறைய பாதி இனங்களைப் பற்றி முடிவு சொல்லும் அளவுக்கு அப்போது தகவலே இருக்கவில்லை. வயலில் நண்டு நாற்றைக் கத்தரிக்கிறது, வரப்பில் ஓட்டை போட்டுத் தண்ணீரைக் கசிய விடுகிறது என்ற விவசாயியின் கோபம் நியாயமே. அதற்காக வளைக்குள் குருணை மருந்தைப் போடாதீர்கள். செத்த நண்டைக் கொக்கு தின்னும், நாரை தின்னும், மிச்ச நஞ்சு வாய்க்கால் வழியே கண்மாய்க்குப் போகும். நாற்றை இன்னும் சில நாள் முற்றவிட்டு நடுங்கள், வளையைக் களிமண்ணால் அடைத்து மிதித்துவிடுங்கள், நண்டு தின்னும் பறவைகளுக்காகக் கண்மாய்க் கரையோரக் கோரையைக் கொளுத்தாமல் விட்டு வையுங்கள்.