பீலியில் தண்ணீர் இருமுகிறதா?



விடியற்காலை 5 மணி. பெரட்டுக்குப் போகுமுன் சமைக்க வேண்டும், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டும். பீலியைத் திறந்தால் "புஸ்... புஸ்" என்று காற்றுத்தான் வருகிறது. பிறகு நூல் மாதிரி தண்ணீர். "கீழ் லயத்துக்காரங்க எல்லாத்தையும் புடிச்சிட்டாங்க" என்று சண்டை தொடங்கிவிடும். நாங்கள் போன ஒரு தோட்டத்தில் இந்தச் சண்டை, பைப்பைக் கத்தியால் வெட்டும் வரைக்கும் போனது. வெட்டிய இடத்தால் கான் தண்ணீர் உள்ளே போய், சின்னப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தது. கடைசியில் பார்த்தால் யார் மேலும் குற்றமில்லை. பைப்புக்குள் காற்று அடைபட்டிருந்தது, அவ்வளவுதான்.

காற்று எப்படிப் புகுகிறது?

மலையில் உள்ள ஊற்றிலிருந்து டேங்கிக்கும், டேங்கியிலிருந்து லயத்துக்கும் தண்ணீர் தன் பாரத்தாலேயே இறங்கி வருகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறையும். டேங்கித் தண்ணீர் பைப் வாய்க்குக் கீழே இறங்கினால், பைப்புக்குள் காற்று போய்விடும். பைப் மேடு பள்ளமாகப் போனால் காற்று மேட்டில் தங்கும்; மண்ணும் வண்டலும் பள்ளத்தில் தங்கும். இரண்டுமே தண்ணீரின் வழியை மறிக்கும்.

எங்கே கோளாறு?

1. ஒரு பீலியில் மட்டும் குறைவு என்றால், அந்தப் பீலிக்குள்தான் மண் அல்லது கெட்டுப்போன வாஷர்.
2. எல்லாப் பீலியிலும் குறைவு என்றால் ஊற்று, டேங்கி, பெரிய பைப் ஆகியவற்றைப் பாருங்கள்.
3. விட்டு விட்டுச் சத்தத்தோடு வந்தால் காற்று.
4. சத்தமில்லாமல் மெலிந்து வந்தால் அடைப்பு அல்லது ஒழுக்கு.

ஒழுக்கைக் கண்டுபிடிக்க, இரவில் எல்லாப் பீலிகளையும் டேங்கிக்கு வரும் தண்ணீரையும் மூடி, டேங்கியில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கோடு போடுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது.

என்ன செய்யலாம்?

முதலில் ஊற்று வாயில் இலை, சருகு, மண் இருந்தால் அகற்றி, டேங்கி நிறையும் வரை பொறுத்திருங்கள். பிறகு ஆகக் கீழே உள்ள பீலியை முழுதாகத் திறந்து, காற்றும் கலங்கலும் போகும் வரை ஓட விடுங்கள். இதிலேயே பல கோளாறு தீரும்.

தீராவிட்டால், மேட்டில் பைப்பின் மேல்பக்கமாக ஒரு 'டீ' வைத்து சின்ன வால்வு பூட்டும்படி தோட்ட நிர்வாகத்திடம் தலைவர் மூலம் கேளுங்கள். அந்த மேடு டேங்கித் தண்ணீர் மட்டத்தை விடத் தாழ்வாக இருக்க வேண்டும். கீழ்ப் பீலிகளை மூடிவிட்டு வால்வை மெதுவாகத் திறந்தால் காற்று சீறிக்கொண்டு வெளியேறும். தண்ணீர் சீராக வந்ததும் மூடிவிடுங்கள்.

பைப்பில் ஓட்டை போடவே கூடாது. சில இடங்களில் ஓட்டை தண்ணீரை வெளியே விடாது. அழுக்கை உள்ளே இழுக்கும். பைப்பைக் கழற்றிப் பூட்டிய பிறகு, குடிக்கும் தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வைத்து ஆறவையுங்கள்.

வாளிக் கணக்கு

10 லீற்றர் வாளியைப் பீலியில் வைத்து மணிக்கூட்டைப் பாருங்கள். 40 செக்கனில் நிறைந்தால் நிமிடத்துக்கு 15 லீற்றர். 80 செக்கன் எடுத்தால் பாதியாகக் குறைந்துவிட்டது என்று அர்த்தம். மாதம் ஒருமுறை ஒரே நேரத்தில் அளந்து கொப்பியில் எழுதி வையுங்கள். "தண்ணி வரல்ல" என்பதை விட, "போன மாசம் 15, இந்த மாசம் 7" என்று சொன்னால் துரையும் காது கொடுப்பார்.

பிள்ளைகளே, வாளி 20 செக்கனில் நிறைந்தால் நிமிடத்துக்கு எத்தனை லீற்றர்? அம்மாவுக்குக் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.

அடுத்த முறை பீலி இருமினால், பக்கத்து லயத்தோடு சண்டைக்குப் போகாமல் இரண்டு லயத்து ஆட்களுமாகச் சேர்ந்து மேட்டுக்கு ஏறிப் பாருங்கள்.