புது கேமராவா? முதல் வாரத்திலேயே சோதித்துவிடுங்கள்

பெட்டியைப் பிரித்ததுமே வீட்டில் உள்ளவர்களை வரிசையாக நிற்கவைத்து எடுக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

1. தேதி, நேரத்தைச் சரிசெய்யுங்கள். பின்னால் படங்களைத் தேடி எடுக்க அதுதான் கைகொடுக்கும்.

2. மெமரி கார்டை கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். வேறு கருவியில் ஓடிய கார்டு சில சமயம் தகராறு செய்யும். அதிலுள்ள பழைய படங்களை முதலில் நகலெடுத்துவிடுங்கள், எல்லாம் அழிந்துவிடும்.

3. செய்தித்தாளின் முழுப் பக்கத்தைச் சுவரில் ஒட்டி, பகல் வெளிச்சத்தில் நேர் எதிரே நின்று எடுங்கள். கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கு ஓரமும் லேசாக மங்கினால் சகஜம். ஒரு மூலையில் மட்டும் எழுத்து குழம்பினால் லென்ஸ் கோணலாகப் பொருந்தியிருக்கலாம். இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால், மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் கடைக்குப் போங்கள்.

4. டிஜிட்டல் ஜூமை அணைத்துவிடுங்கள். இருக்கிற படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான் அதன் வேலை. விளம்பரத்தில் மட்டும் பிரமாதமாக இருக்கும்!

5. பட்டனைப் பாதி அழுத்தி, ஃபோகஸ் பிடித்ததும் முழுதாக அழுத்துங்கள். ஓடியாடும் குழந்தை நழுவாது.

6. வெள்ளை வேட்டி சாம்பலாக விழுகிறதா? எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +0.7 அல்லது +1க்கு ஏற்றுங்கள். வெள்ளை நிறைந்த காட்சியை கேமரா தானாகவே இருட்டாக்கிவிடும்.

7. கல்யாண மண்டபத்தில் கடைசி வரிசையிலிருந்து ஃப்ளாஷ் அடிக்காதீர்கள். சின்ன ஃப்ளாஷ் சில மீட்டருக்கு மேல் எட்டாது. முன்னால் இருப்பவரின் முதுகுதான் பளிச்சென்று விழும்.