ஆஸ்பத்திரியா, வீடா? சேத்துப்பட்டு சொன்ன பதில்!

சென்னையில் மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு 'தாம்பரம் சானடோரியம்' என்ற ஸ்டேஷன் தெரியாமல் இருக்காது. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யோசித்ததுண்டா? 1928-ல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து அங்கே காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியம் தொடங்கினார். நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு... அந்தக் காலத்து டி.பி. வைத்தியம் இவ்வளவுதான். நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் படுக்க வைத்து விடுவார்கள்.

1950-களுக்குள் ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ், ஐ.என்.எச். என்று மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் நம் நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில். ஆஸ்பத்திரிப் படுக்கைகளோ ஆயிரக்கணக்கில். இடம் கிடைக்காதவரிடம் மருந்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாமா? ஒரே அறையில் மனைவி மக்களோடு படுத்துத் தூங்குகிறவர் அவர். அப்படி அனுப்பினால் குழந்தைகளின் கதி?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான் 1956-ல் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆராய்ச்சி நிலையம் பிறந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் என நாலு பேர் சேர்ந்து நடத்திய கூட்டுக் குடித்தனம் அது. முதல் ஐந்து வருடம் முன்னின்று நடத்தியவர் இங்கிலாந்திலிருந்து வந்த டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ்.

ஆராய்ச்சி நிலையம் என்றதும் மைக்ராஸ்கோப்பும் வெள்ளைக் கோட்டும்தான் நமக்கு ஞாபகம் வரும். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் தலைமைப் பொறுப்பில் இருப்பவரின் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயங்கள் வேறு!

முதல் ஆராய்ச்சியில் சேர்ந்தவர்கள் 193 பேர். பெரும்பாலும் ஏழைகள். இவர்களில் யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியத்துக்குப் போவது? டாக்டர் கையில் விட்டால், "ஐயோ பாவம், இவருக்கு முற்றிவிட்டது, உள்ளே சேர்த்துடுவோம்" என்று மனசு இளகும். அப்புறம் இரண்டு பிரிவையும் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. ஆகவே சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி, யாருடைய விருப்பு வெறுப்பும் கலக்காமல் பிரித்தார்கள். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்துகள்தான்: ஐ.என்.எச்., பாஸ், ஒரு வருடத்துக்கு.

அடுத்ததுதான் பெரிய தலைவலி. கொடுத்த மருந்து வயிற்றுக்குள் போகிறதா? பாஸ் மருந்தை நிறைய விழுங்க வேண்டும். குமட்டும், வயிற்றைக் கலக்கும். இரண்டு மாதத்தில் உடம்பு தேறியதும், "இருமல் நின்னுடுச்சே, காய்ச்சலும் இல்லே, இன்னும் எதுக்கு?" என்று தோன்றிவிடும். உங்கள் வீட்டிலேயே அரைகுறையாக நின்றுபோன மாத்திரை அட்டைகள் எத்தனை கிடக்கின்றன, அலமாரியைத் திறந்து பாருங்கள்! நோயாளி பொய்யர் என்பதல்ல, மனுஷ சுபாவம் அது. டாக்டர் ஃபாக்ஸ் இதைப் பற்றியே 1958-ல் ஒரு தனிக் கட்டுரை எழுதினார்.

அதனால் நிலைய ஊழியர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்கே போனார்கள். மீதமுள்ள மருந்தை எண்ணிப் பார்த்தார்கள். சிறுநீரை வாங்கி, அதில் மருந்தின் அடையாளம் இருக்கிறதா என்று சோதித்தார்கள். போலீஸ் வேலை மாதிரி தெரிகிறதா? அந்த ஊழியர் வீட்டாரோடு உட்கார்ந்து பேசத் தெரிந்தவராக இல்லாவிட்டால் இரண்டாம் முறை கதவு திறக்காது. அப்படிப்பட்ட ஆட்களைத் தேர்ந்தெடுத்து, பழக்கி, சலிக்காமல் வைத்துக்கொள்வதில்தான் நிர்வாகத்தின் சாமர்த்தியம் இருக்கிறது. எக்ஸ்ரே மெஷினைக் காசு கொடுத்தால் வாங்கிவிடலாம்.

வீடு மாறியவர், சொல்லாமல் ஊருக்குப் போனவர் எல்லோரையும் தேட வேண்டும். காணாமல் போனவர்களைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டால் முடிவு அழகாகத்தான் இருக்கும், உண்மையாக இருக்காது. நோயாளிகளையும் அவர்கள் குடும்பத்தாரையும் ஐந்து வருடம் விடாமல் பின்தொடர்ந்தார்கள்.

முடிவு 1959-ல் வெளியானது. ஒரு வருட முடிவில் நோய் அடங்கியிருந்தவர்கள் சானடோரியத்தில் 92 சதவிகிதம், வீட்டில் 86 சதவிகிதம். பெரிய வித்தியாசம் இல்லை! இத்தனைக்கும் சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, எடையும் அதிகம் கூடியது. குழந்தைகளின் கதி என்ன? வீட்டுப் பிரிவின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவில்லை. ஆபத்து பெரும்பாலும் சிகிச்சை ஆரம்பிப்பதற்கு முந்தைய நாட்களில்தான் என்பது தெரிந்தது.

மருந்தைக் கண்ணெதிரே விழுங்க வைப்பதற்கும் இந்த நிலையம் ஒரு வழி கண்டது. வாரம் இருமுறை நிலையத்துக்கே வந்து மருந்து பெற்றாலும் குணமாகும் என்று 1964-ல் காட்டினார்கள். பின்னாளில் உலகமெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்பு முறைக்கு இது ஒரு வேர். (மருந்து இப்போது தினசரிதான். நம் நாட்டில் 2017 முதல் அப்படி மாற்றிவிட்டார்கள். பழைய கணக்கை வைத்துக்கொண்டு ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடாதீர்கள்.)

கசப்பான முடிவும் உண்டு. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-ல் ஆரம்பித்த பி.சி.ஜி. தடுப்பூசி ஆராய்ச்சியில், பெரியவர்களின் நுரையீரல் டி.பி.யை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. அரசாங்கமே நாடு முழுக்கப் போட்டுக்கொண்டிருந்த ஊசி! அதையும் மூடி மறைக்காமல் வெளியிட்டார்கள். குழந்தைகளுக்கு வரும் மூளைக் காய்ச்சல் போன்ற கடுமையான டி.பி.யை அது தடுக்கிறது. ஆகவே பிறந்த குழந்தைக்குப் போடுவதை நிறுத்தவேண்டாம்.

வெளிநாட்டு நிபுணர்கள் போன பிறகும் நிலையம் படுத்துவிடவில்லை. 1964-ல் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நிரந்தர நிலையமாகி, 2011-ல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் மாறியது.

"அப்போ சாப்பாடு முக்கியமில்லையா?" என்று கேட்காதீர்கள். மருந்து ஒழுங்காகப் போனால் ஏழையும் பிழைப்பார் என்பதுதான் 1959-ன் சேதி. நோய் வராமல் தடுப்பதில் சாப்பாட்டின் பங்கு வேறு. சேத்துப்பட்டு விஞ்ஞானிகளும் பங்கெடுத்து ஜார்க்கண்டில் நடந்த ஆராய்ச்சி 2023-ல் வெளியானது. நோயாளியின் வீட்டாருக்கு மாதாமாதம் கூடுதல் உணவுப் பொருட்கள் கொடுத்ததில், அவர்களுக்குப் புதிதாக டி.பி. வருவது 39 சதவிகிதம் குறைந்தது.

உங்கள் வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? இருமல் மருந்து வாங்கி நாளைக் கடத்தாமல் சளிப் பரிசோதனை செய்யுங்கள். டி.பி. என்று தெரிந்தால் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தினமும் மாத்திரை விழுங்கியதும் ஒரு டிக். சாதாரண டி.பி.க்கு ஆறு மாதம், டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை. இன்னொரு பக்கத்தில் வீட்டிலுள்ள அத்தனை பேர் பெயரையும் எழுதி, யாருக்குப் பரிசோதனை ஆயிற்று, யாருக்குத் தடுப்பு மாத்திரை தேவை என்று சுகாதார ஊழியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையின் பெயரை விட்டுவிடாதீர்கள்.